டோரிஸ் மில்லர்: ஒரு கப்பல் சமையல்காரரின் ஐந்து பதக்கங்கள்

கேள்வி இதுதான்: "பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது ஒரு சமையல்காரர் துப்பாக்கியைப் பிடித்து ஜப்பானிய விமானங்களை வீழ்த்தினார் என்று படித்தேன். ஒரு இடத்தில் இரண்டு விமானம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆறு என்கிறார்கள். பதக்கங்களின் பட்டியலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. உண்மையில் அவர் என்ன செய்தார்? எதற்கு எந்தப் பதக்கம் கிடைத்தது? மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஹானர்' ஏன் கிடைக்கவில்லை?"

முதலில் சுருக்கமான விடை. அவர் பெயர் டோரிஸ் மில்லர். அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுப் பிரிவு அவருக்குரியவை என்று தரும் பதக்கங்கள் ஐந்து. கடற்படையின் உயர்ந்த வீரப் பதக்கங்களில் ஒன்றான நேவி கிராஸ், பர்ப்பிள் ஹார்ட், அமெரிக்கப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், ஆசிய-பசிபிக் போர்முனைப் பதக்கம், இரண்டாம் உலகப் போர் வெற்றிப் பதக்கம். இவற்றில் முதலாவது அவர் செய்த ஒரு செயலுக்காக. இரண்டாவது அவர் போரில் உயிரைக் கொடுத்ததற்காக. மற்ற மூன்றும் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட கடலில் பணியில் இருந்ததற்காக. எத்தனை விமானங்கள் என்பதற்கு அதிகாரபூர்வமான எண் எதுவும் கிடையாது. அவருடைய விருதுக்குறிப்பில் விமானத்தை வீழ்த்தியதாக ஒரு சொல்கூட இல்லை. இந்த விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விமானக் கணக்கில் மூழ்கிப்போனால் அந்த மனிதர் உண்மையில் செய்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

மில்லர் 1919 அக்டோபர் 12 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகரத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பையன்களில் மூன்றாமவர். நல்ல உயரம், நல்ல உடற்கட்டு. பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினார், அப்பாவின் நிலத்தில் வேலை செய்தார். 1939 செப்டம்பர் 16 அன்று கடற்படையில் சேர்ந்தார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பதக்கக் கணக்கில் திரும்ப வரும்.

சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பதவி சமையல்காரர்கூட இல்லை. 'மெஸ் அட்டெண்டன்ட்', அதாவது அதிகாரிகளின் உணவுக்கூடப் பணியாளர். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் மறுபடி கதவைத் திறந்தபோதும் இந்த ஒரு பிரிவுக்குள் மட்டும்தான் விட்டது. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுவது, படுக்கை விரிப்பது, ஷூ துடைப்பது, துணி சேகரிப்பது. எவ்வளவு திறமை இருந்தாலும் பீரங்கிப் படைக்கோ, வானொலி அறைக்கோ, இயந்திர அறைக்கோ போகும் வழி கிடையாது. மில்லர் 1940 ஜனவரியில் 'வெஸ்ட் வர்ஜீனியா' என்ற போர்க்கப்பலுக்கு வந்தார். அங்கே கப்பலின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஆனார். அதனால் கப்பலில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் வேலை அதே பரிமாறும் வேலைதான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. போர்க்கப்பலில் சமையல்காரர், சலவைக்காரர், எழுத்தர் எவராக இருந்தாலும் போர் அபாய மணி அடித்ததும் ஓடிப்போய் நிற்க ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. மெஸ் பணியாளர்களில் பலருக்கு அந்த இடம் கீழ்த்தளத்து வெடிமருந்து அறைகளில் இருந்தது. குண்டுகளை எடுத்து மேலே அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஆக, சமையல்காரர் என்றால் பாதுகாப்பாக அடுப்படியில் இருப்பவர் என்று எண்ணக் கூடாது. கப்பல் அடிவாங்கினால் முதலில் தண்ணீர் புகுவதும் தீப்பிடித்தால் வெடிப்பதும் அவர்கள் நிற்கும் இடம்தான்.

சரி, 1941 டிசம்பர் 7. கப்பல் ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஆகப்போகிறது. மில்லர் துணிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அபாய மணி அடித்தது. கப்பலின் நடுப்பகுதியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான வெடிமருந்து அறைதான் அவருடைய இடம். போய்ப் பார்த்தால், தண்ணீருக்குள் பாய்ந்து வந்து வெடிக்கும் டார்பிடோ தாக்கி அந்த இடமே சிதைந்து கிடந்தது. நிற்க இடம் இல்லாததால் மேலே வந்தார். ஆள் வலிமையானவர் என்பதால் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலையில் விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தகவல் தொடர்பு அதிகாரி டோயர் ஜான்சன் அவரைத் தன்னோடு கட்டளை மேடைக்கு வரச் சொன்னார். அங்கே கேப்டன் மெர்வின் பெனியன் வயிற்றில் பெரும் காயத்தோடு விழுந்து கிடந்தார். பக்கத்தில் நின்ற 'டென்னசி' கப்பல்மீது விழுந்த குண்டின் சிதறல் அவரைத் தாக்கியிருந்தது. திறந்த இடம் அது, மேலே விமானங்கள் தாழப் பறந்து சுட்டுக்கொண்டிருந்தன, கீழே தீ. மில்லரும் மற்றவர்களும் அவரைத் தூக்கி, கவசச் சுவருக்குப் பின்னால் கொஞ்சம் மறைவான இடத்தில் கிடத்தினார்கள். அதற்கு மேல் தன்னை நகர்த்த கேப்டன் சம்மதிக்கவில்லை. அந்த நிலையிலும் கப்பலின் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டும் உத்தரவு கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

துப்பாக்கிக் கட்டம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. லெப்டினன்ட் பிரெடரிக் ஒயிட், கவசக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் நின்ற இரண்டு பிரௌனிங் விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் குண்டு ஏற்ற உதவும்படி மில்லரிடம் சொன்னார். அந்தத் துப்பாக்கியில் மில்லருக்கு முறையான பயிற்சி கிடையாது. ஒயிட்டும் இளம் அதிகாரி விக்டர் டெலானோவும் அவசரமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மில்லர் குண்டுப் பட்டையை ஊட்டிக்கொடுப்பார், சுடுவது தங்கள் வேலை என்பதுதான் டெலானோவின் எண்ணம். ஒரு கணம் கவனம் வேறு பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது மில்லர் ஒரு துப்பாக்கியின் பின்னால் நின்று சுட்டுக்கொண்டிருந்தார். குண்டு தீரும்வரை சுட்டார். பிற்பாடு அவரே சொன்னது: அது கடினமாக இல்லை, விசையை இழுத்தேன், நன்றாகவே வேலை செய்தது, மற்றவர்கள் சுடுவதைப் பார்த்திருக்கிறேன், சுமார் 15 நிமிடம் சுட்டிருப்பேன், ஒரு விமானத்தை வீழ்த்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னது ஒரே ஒரு விமானம். அதையும் 'நினைக்கிறேன்' என்றுதான் சொன்னார். இரண்டும் நான்கும் ஆறும் பத்திரிகைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் வளர்ந்த எண்கள். அன்று தாக்க வந்த சுமார் 350 ஜப்பானிய விமானங்களில் திரும்பிப் போகாதவை 29 மட்டுமே. துறைமுகத்தில் இருந்த எத்தனையோ கப்பல்களிலிருந்தும் கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்த விமானம் யாருடைய குண்டில் விழுந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆகவே ஆறு விமானம் என்று எங்காவது பார்த்தால் நம்ப வேண்டாம். அந்த எண் இல்லாததால் அவருடைய தைரியத்தில் ஒரு துளியும் குறையப்போவதில்லை.

குண்டு தீர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எண்ணெய் எரிந்து கரும்புகை மேடையைச் சூழ்ந்தது. ஜான்சன் சொல்ல, மில்லரும் மற்றவர்களும் கேப்டனைப் புகை குறைந்த மேல்மேடைக்குத் தூக்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கேப்டனின் உயிர் பிரிந்தது. அதன்பின் மில்லர் கீழே இறங்கி, எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடந்த தளத்தில் காயம்பட்ட மாலுமிகளை இழுத்துக் கப்பலின் பின்பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் இல்லாவிட்டால் அவர்களில் பலர் இறந்திருப்பார்கள். கப்பல் பல டார்பிடோக்களை வாங்கியிருந்தது. ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடாமல் இருக்க எதிர்ப்பக்கத்து அறைகளில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டதால், அது நேராகத் துறைமுகத்தின் அடியில் போய் உட்கார்ந்தது.

இப்போது நேவி கிராஸ் விருதுக்குறிப்பைப் பாருங்கள். கேப்டனின் அருகே கட்டளை மேடையில் இருந்தபோது, எதிரியின் குண்டுவீச்சையும் கடும் தீயையும் பொருட்படுத்தாமல், உயிர்போகும் நிலையில் காயம்பட்ட கேப்டனைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவினார். பின்னர், மேடையை விட்டுப் போகும்படி உத்தரவு வரும்வரை எதிரி விமானங்களை நோக்கி இயந்திரத் துப்பாக்கியை இயக்கினார். சாரம் இதுதான். முதலில் கேப்டன், பிறகுதான் துப்பாக்கி. தண்ணீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றிய மாலுமிகள் அந்தக் குறிப்பில் வரவே இல்லை. என்னைக் கேட்டால் அன்று அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

இந்தப் பதக்கமும் தானாக வந்துவிடவில்லை. 1942 ஜனவரி 1 அன்று கடற்படை ஒரு பாராட்டுப் பட்டியலை வெளியிட்டது. அதில் 'பெயர் குறிப்பிடப்படாத ஒரு நீக்ரோ' என்று ஒரு வரி. மற்றவர்களுக்குப் பெயர் இருந்தது, இவருக்கு இல்லை. கறுப்பினப் பத்திரிகைகள் விடவில்லை. குறிப்பாக 'பிட்ஸ்பர்க் கூரியர்' அந்த மனிதர் யார் என்று தோண்டத் தொடங்கியது. மார்ச் மாதத்தில்தான் டோரிஸ் மில்லர் என்ற பெயர் வெளியே வந்தது. உடனே செனட்டில் ஜேம்ஸ் மீட் என்பவரும், பிரதிநிதிகள் சபையில் ஜான் டிங்கெல் என்பவரும் அவருக்கு மெடல் ஆஃப் ஹானர் தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டும் நிறைவேறவில்லை. ஏப்ரல் 1 அன்று கடற்படைச் செயலர் பிராங்க் நாக்ஸ் ஒரு பாராட்டுக் கடிதம் தந்தார். கடிதத்தோடு முடித்துக்கொள்ள மக்கள் விடவில்லை. அழுத்தம் தொடர்ந்தது. மே 11 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நேவி கிராஸுக்கு ஒப்புதல் தந்தார்.

1942 மே 27 அன்று, மிட்வே போருக்குக் கிளம்புமுன் பேர்ல் ஹார்பரில் நின்ற 'எண்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலில், பசிபிக் படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் தன் கையால் அதை மில்லரின் மார்பில் குத்தினார். அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. வெள்ளைச் சீருடையில் மில்லர் விறைப்பாக நிற்கிறார். நேவி கிராஸ் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். பசிபிக் படையில் இந்தப் போரில் அவருடைய இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இவ்வளவு உயர்ந்த மரியாதை கிடைப்பது இதுவே முதல்முறை என்று நிமிட்ஸ் அப்போது குறிப்பிட்டார்.

பதக்கம் எப்படி இருக்கும் என்றால், கருமை படிந்த வெண்கலத்தில் முனைகள் வளைந்த சிலுவை. நடுவே பாய்மரக் கப்பல். கைகள் சேரும் மூலைகளில் இலைக் கொத்து. ரிப்பன் கரு நீலம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மில்லர் அதைப் பெற்ற நாளில் நேவி கிராஸ் கடற்படையின் மூன்றாவது உயர்ந்த விருது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை இரண்டாவது இடத்துக்கு உயர்த்தியது. சில கட்டுரைகள் மூன்றாவது என்றும் சில இரண்டாவது என்றும் எழுதுவது இதனால்தான். இரண்டும் சரி.

விருதுக்குப் பிறகு கொஞ்சம் பதவி உயர்வு. போர்ச் செலவுக்கு மக்களிடம் கடன் திரட்டும் போர்ப் பத்திரங்களை விற்கும் பிரசாரத்துக்காக 1942 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஓக்லண்ட், வேக்கோ, டல்லாஸ் எனப் பல ஊர்களில் பேசினார். நேவி கிராஸ் அணிந்த அவருடைய முகத்தை ஆள்சேர்ப்புச் சுவரொட்டியிலும் போட்டார்கள். ஆனால் அவர் பிரிவு மாறவில்லை. 1942 ஜூன் முதல் கறுப்பினத்தவரைப் பொதுப் பணிகளுக்கும் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாற்றத்தின் முகமே மில்லர்தான், அவரோ உணவுப் பிரிவிலேயே இருந்தார். 1943 ஜூன் 1 அன்று மூன்றாம் நிலைச் சமையல்காரர் ஆனார். 'சமையல்காரர்' என்று நாம் அவரைச் சொல்வது இந்தப் பதவியை வைத்துத்தான். பேர்ல் ஹார்பர் நாளில் அவர் சமையல்காரர் அல்ல, அதற்கும் கீழ்ப்படியில் இருந்தவர்.

சமையல்காரராக அவர் போன கப்பல் 'லிஸ்கம் பே' என்ற சிறிய விமானந்தாங்கி. 1943 நவம்பரில் கில்பர்ட் தீவுகளில் மாகின் போர் நடந்தது. நவம்பர் 24 அதிகாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-175 ஏவிய ஒரே ஒரு டார்பிடோ கப்பலின் பின்பகுதியில் பட்டது. விமானக் குண்டுகள் அடுக்கிவைத்த அறை அடுத்த கணமே வெடித்தது. 23 நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. 272 பேர் மீட்கப்பட்டார்கள், 640-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மில்லர் திரும்பவில்லை. வயது 24. அவரைக் காணவில்லை என்ற செய்தி டெக்சாஸில் பெற்றோருக்குப் போய்ச் சேர்ந்தது 1943 டிசம்பர் 7 அன்று. பேர்ல் ஹார்பர் நடந்து சரியாக இரண்டு ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பர் 25 அன்று இறந்துவிட்டதாகக் கருதப்படுவார் என்று அறிவித்தார்கள்.

பர்ப்பிள் ஹார்ட் இதற்குத்தான். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் தரப்படுவது. ஊதா நிற இதய வடிவம், நடுவே ஜார்ஜ் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம். பலர் இதைப் பேர்ல் ஹார்பரோடு இணைத்து எழுதுகிறார்கள். அது தவறு.

அடுத்த மூன்றும் வீரச்செயல் பதக்கங்கள் அல்ல என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அவை முக்கியம், ஏனென்றால் அவற்றின் தேதிகளே ஒரு மனிதனின் சேவைப் பதிவேடு மாதிரி. அமெரிக்கப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், போருக்கு முன்பே சீருடையில் இருந்தவர்களுக்கானது. அதற்குரிய காலம் 1939 செப்டம்பர் 8 முதல் 1941 டிசம்பர் 7 வரை. மில்லர் சேர்ந்தது செப்டம்பர் 16 என்று சொன்னேன் இல்லையா? அந்தப் பதக்கக் காலம் தொடங்கி எட்டு நாள் கழித்துச் சேர்ந்தவர், அது முடிகிற நாளன்று துப்பாக்கியின் பின்னால் நின்றார். கடலில் கப்பல் பணியில் இருந்ததைக் காட்டும் 'ஃப்ளீட்' என்ற சிறு உலோகத் துண்டும் அதன் ரிப்பனில் சேரும். ஆசிய-பசிபிக் பதக்கம், அந்தப் போர்முனையில் பணியாற்றிய அனைவருக்கும் உரியது. அவருடைய போர்க்காலம் தொடங்கியதும் முடிந்ததும் அந்தக் கடலில்தான்.

வெற்றிப் பதக்கம் 1945-இல்தான் உருவாக்கப்பட்டது. மில்லர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அதன் பின்பக்கத்தில் நான்கு சுதந்திரங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: அச்சத்திலிருந்தும் வறுமையிலிருந்தும் விடுதலை, பேச்சுச் சுதந்திரம், மதச் சுதந்திரம். தோல் நிறத்துக்காக ஒரே பிரிவுக்குள் அடைக்கப்பட்டு, நான்கு ஆண்டு பணி செய்து மடிந்த ஒருவருடைய பெயரில் அந்தப் பதக்கம் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இனி மெடல் ஆஃப் ஹானர். அன்று அதே மேடையில் இறந்த கேப்டன் பெனியனுக்கு அது கிடைத்தது, அதற்கு அவர் முழுத் தகுதி உள்ளவர். மில்லருக்குக் கிடைக்காததற்கு அவர் செயல் போதாது என்பதுதான் காரணம் என்று சிலர் வாதாடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. போர் நடந்த காலத்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்குக்கூட, எந்தப் படையிலும், அந்தப் பதக்கம் தரப்படவில்லை. லட்சக்கணக்கானவர்கள் பணியாற்றிய ஒரு போரில் தகுதியானவர் ஒருவரும் இல்லை என்றால் தவறு அளவுகோலில்தான் இருக்க வேண்டும். 1997-இல் மறு ஆய்வு செய்து ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரும் தரைப்படையினர். கடற்படையிலிருந்து யாரும் இல்லை.

மில்லர் மட்டும்தான் விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதே உணவுப் பிரிவில் சமையல்காரராக இருந்த வில்லியம் பிங்க்னி, 1942 அக்டோபர் 26 அன்று 'எண்டர்பிரைஸ்' குண்டுபட்டபோது கீழ்த்தள வெடிமருந்து அறையில் இருந்தார். மேலே ஏறும் வாசலில் தீ. தன்னோடு உயிர்பிழைத்த இன்னொருவரைத் தூக்கிவிடும்போது அறுந்து தொங்கிய மின்கம்பி தாக்கி மயங்கி விழுந்தார். நினைவு வந்ததும் மறுபடி அவரைத் தூக்கி மேலே அனுப்பிவிட்டுத்தான் தான் ஏறினார். அவருக்கும் நேவி கிராஸ். அடுத்த மாதம் 'சான் பிரான்சிஸ்கோ' கப்பலில் லெனார்ட் ராய் ஹார்மன், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ உதவியாளரைத் தன் உடம்பால் மறைத்து உயிரைக் கொடுத்தார். இறந்தபின் நேவி கிராஸ். கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் பெயர் வைக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் 'ஹார்மன்'தான்.

சார்லஸ் ஜாக்சன் ஃபிரெஞ்சையும் சொல்லியாக வேண்டும். அவரும் மெஸ் பணியாளர். 1942 செப்டம்பரில் பசிபிக்கில் குவாடல்கனால் தீவருகே 'கிரகரி' என்ற கப்பல் மூழ்கியபோது, காயம்பட்ட 15 பேர் கிடந்த மிதவையின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதிரி பிடித்துவைத்திருந்த கரையை விட்டு விலகி, சுறாக்கள் திரியும் நீரில் பல மணி நேரம் நீந்தி இழுத்தார். அப்போது கிடைத்தது ஒரு பாராட்டுக் கடிதம். பதக்கம் வந்தது 2022-இல். அதற்குள் அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

மில்லர் பெயரில் 1973 முதல் 1991 வரை ஒரு ஃபிரிகேட் கப்பல் பணியில் இருந்தது. 2020 ஜனவரியில், கட்டப்படவிருக்கும் ஒரு பெரிய அணுசக்தி விமானந்தாங்கிக்கு 'டோரிஸ் மில்லர்' என்று பெயர் வைப்பதாக அறிவித்தார்கள். அதிகாரி அல்லாத ஒரு மாலுமியின் பெயரை விமானந்தாங்கிக்கு வைப்பது இதுவே முதல்முறை.

பட்டியல் இடத்துக்கு இடம் மாறுவதாகக் கேட்டிருந்தீர்கள். வரிசையில் வைப்பதென்றால் நேவி கிராஸ், பர்ப்பிள் ஹார்ட், 'ஃப்ளீட்' துண்டோடு பாதுகாப்புச் சேவைப் பதக்கம், ஆசிய-பசிபிக், கடைசியில் வெற்றிப் பதக்கம். இவற்றில் இரண்டாவதும் ஐந்தாவதும் அவர் இறந்த பிறகு வந்தவை.